ஒரு கழுத்தளவுத் தண்ணீர்: சிலிக்கா ஏரியில் வாத்துகளின் குளிர்காலம்

ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு நடுவில் நளபனா என்றொரு தீவு இருக்கிறது. ஆகஸ்டில் போய்த் தேடினால் அகப்படாது. தண்ணீருக்கு அடியில் கிடக்கும். மழைக்கால வெள்ளம் வடிய வடிய, முதலில் நாணல் நுனிகள், பிறகு சேற்றுத் திட்டுகள் என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தலைகாட்டும். நாணற்காடு என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள். ஏறக்குறைய அதே வாரங்களில், வடக்கே மத்திய ஆசியப் புல்வெளிகளும் சைபீரியச் சதுப்புகளும் உறையத் தொடங்க, அங்கிருந்து கிளம்பிய வாத்துகள் இங்கே வந்து இறங்குகின்றன. தீவு எழுவதும் வாத்து வருவதும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. சிலிக்காவில் வாத்துகள் குளிர்காலத்தை எப்படிக் கழிக்கின்றன என்று புரிந்துகொள்ள இந்த ஒத்திசைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் வனத்துறை, சிலிக்கா வளர்ச்சி ஆணையம், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், பல ஊர்களின் பறவை ஆர்வலர்கள் எல்லோரும் குழு குழுவாகப் பிரிந்து ஒரே நாளில் ஏரி முழுவதையும் எண்ணுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அதில் பெரும்பங்கு வாத்துகள். கருவால் வாத்து, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து மூன்றும் பட்டியலில் முன்னே நிற்கும். நளபனாவில் மட்டும் சில லட்சம் பறவைகள் கணக்கில் வரும். 1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நளபனாவின் பரப்பு 15.53 சதுர கிலோமீட்டர். ஏரியோ கோடையில் சுமார் 900 சதுர கிலோமீட்டர், மழைக்காலத்தில் 1,100க்கும் மேல். நூற்றில் இரண்டு பங்குகூட இல்லாத இடத்தில் ஏரிப் பறவைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூடுகிறது. மீதி நீர்ப்பரப்பு வாத்துகளுக்கு எதற்கு? அது தேவைதானா? இந்தக் கேள்வியைப் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் பெரும்பாலும் நளபனாவைக் காத்தால் போதும் என்ற பதிலை மனத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். அந்தப் பதில் தவறு என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முழக்கோல் கணக்கு

கடலோர ஈரநிலத்துக்கு வரும் வாத்துகளை இரண்டாகப் பிரிக்கலாம். நீருக்குள் முழுவதுமாக முக்குளித்து இரை தேடுபவை ஒரு வகை. கருவால், ஊசிவால், நாமத்தலை, தட்டைவாயன், நீலச்சிறகி, கிளுவை எல்லாம் இன்னொரு வகை. இவை தலையை நீருக்குள் விட்டு, வாலை வானத்துக்கு நிறுத்தி, கழுத்து எட்டும் தூரம்வரை துழாவும். கிளுவைக்கு ஒரு சாண் எட்டினால் அதிகம். கழுத்து நீண்ட ஊசிவால் வாத்துக்கு ஒரு முழம் எட்டும். அதற்குக் கீழே அடிச்சேற்றில் எவ்வளவு விதை கிடந்தாலும் அவற்றுக்கு அது மூடிவைத்த பாத்திரம்தான்.

ஆகவே வாத்தின் கண்ணில் ஏரி என்பது வரைபடத்தில் நீல நிறத்தில் தெரியும் பரப்பு அன்று. அடியில் உணவும் மேலே ஒரு முழத்துக்கு மிகாத நீரும் இருக்கும் பட்டைதான் அதன் ஏரி. இந்தப் பட்டை ஓரிடத்தில் நிற்பதில்லை. நவம்பரில் வடக்குக் கரையின் வயல் விளிம்புவரை ஏறி நிற்கும். நீர் இறங்க இறங்க அது ஏரியின் உள்பக்கம் நகரும். கரை மிகத் தட்டையாக இருக்கும் இடத்தில் நீர்மட்டம் அரையடி இறங்கினால் பல நூறு மீட்டர் அகலத்துக்குப் புதிய மேய்ச்சல் திறந்துகொள்ளும்; முன்பு மேய்ந்த இடம் காய்ந்து, சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் போய்விடும். ஆழமில்லாத ஏரி என்பதால் காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இரண்டு நாள் ஒரே திசையில் பலமாக வீசினால் நீர் எதிர்க்கரையில் ஏறி நிற்கும். முந்தின நாள் ஆயிரக்கணக்கில் வாத்து இருந்த மூலையில் மறுநாள் ஒன்றும் இல்லையே என்று திகைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றையும் நீர்மட்டத்தையும்தான்.

இந்த முழக்கோல் கணக்குக்கு விலக்கும் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. கருவால் வாத்தும் நாமத்தலை வாத்தும் விதையைவிட இலைதழையை அதிகம் தின்பவை. நீர்மேல் மிதக்கும் தழை கிடைத்தால் ஆழமான இடத்திலும் மேயும். நாமக்கோழிகள் முக்குளித்துக் கொண்டுவரும் நீர்ப்பாசியையும் கொடியையும் அலகிலிருந்தே பிடுங்கித் தின்னும். நாமக்கோழிக் கூட்டத்துக்குள் இந்த இரண்டு வாத்துகளும் சுற்றிக்கொண்டிருந்தால் அது தற்செயல் அன்று. எட்டாத ஆழத்தை அவை இன்னொருவரின் உழைப்பால் எட்டுகின்றன.

இலை தின்பதற்கு ஒரு விலையும் உண்டு. இலையில் சத்து குறைவு. வயிறு நிரம்ப நெடுநேரம் மேய வேண்டும். அதனால் கருவாலையும் நாமத்தலையையும் பகலிலும் மேயக் காணலாம். விதையும் சிறு பூச்சிகளும் தின்னும் ஊசிவால், கிளுவை போன்றவை குறைந்த நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். பகலை உறங்கிக் கழித்து இருட்டிய பிறகு மேயக் கிளம்ப அவற்றால் முடியும். தட்டைவாயன் அகன்ற அலகின் சீப்புப் போன்ற பற்களால் நீரைச் சலித்து மிதவை உயிரிகளைப் பிரித்தெடுக்கும். ஒரே கூட்டமாகத் தெரிகிற இவற்றின் அட்டவணை ஒன்றல்ல.

படுக்கையும் தட்டும்

பிரான்சின் தென்கரையில், ரோன் ஆற்றின் கழிமுகத்தில் காமார்க் என்ற ஈரநிலம் இருக்கிறது. அங்கே குளிர்கால வாத்துகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆலன் தமிசியே 1970களில் ஒரு கருத்தை முன்வைத்தார். வாத்து ஒன்றின் குளிர்கால வாழிடம் ஓர் இடம் அன்று, ஓர் அலகு. பகலில் தங்கும் திறந்த நீர்ப்பரப்பும், அதைச் சுற்றி இரவில் பறந்துபோய் மேயும் சதுப்புகளும் சேர்ந்தால்தான் அந்த அலகு முழுமை பெறும் என்றார். பகல் தங்குமிடத்தில் வாத்துகள் சும்மா இருப்பதில்லை. உறங்குகின்றன, இறகு கோதுகின்றன, குளிர்காலத்திலேயே இணை தேடியும் முடிக்கின்றன. பருந்தும் படகும் தூரத்திலேயே தெரியும்படி வெளி திறந்திருப்பது இவை எல்லாவற்றுக்கும் தேவை. உணவு அங்கே இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தங்கும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜனவரிக் கணக்கெடுப்பைப் பார்த்தால் அதன் எல்லை புரியும். எண்ணுவது பகலில். எனவே எண்ணப்படுவது பெரும்பாலும் படுக்கை. தட்டு எங்கே இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. நளபனாவின் இலட்சங்களுக்கு நளபனா மட்டுமே சோறு போடுகிறது என்று எடுத்துக்கொள்வது, இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு நகரத்தைக் கணக்கெடுத்துவிட்டு, மக்கள் எல்லோரும் வீட்டிலேயே வேலை செய்கிறார்கள் என்று முடிவு கட்டுவதைப் போன்றது.

நளபனாவில் உணவே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில் நீரடித் தாவரங்கள் அடர்ந்து வளர்கின்றன. இலை மேயும் வாத்துகளுக்கு அது படுக்கையும் தட்டுமாக இருக்கிறது. இலட்சக்கணக்கான பறவைகளின் எச்சம் அந்த நீருக்கு உரமாகவும் சேர்கிறது. ஆனால் விதை தேடும் வாத்துக்கும், சேற்றுப் பூச்சி தேடும் வாத்துக்கும், நன்னீர் தேடும் எல்லா வாத்துக்கும் வேறு இடங்கள் வேண்டும்.

உப்பும் நன்னீரும்

சிலிக்காவின் வடபகுதிக்கு மகாநதியின் கிளைகள் வந்து சேர்கின்றன: தயா, பார்கவி, லூனா. கலிங்கப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் தவுளிக் குன்றின் அடியில் ஓடும் அதே தயாதான் இது. நன்னீரோடு வண்டலையும் கொண்டுவந்து கொட்டுவதால் வடபகுதி ஆழம் குறைந்து, நாணலும் சம்பும் மண்டிக் கிடக்கிறது. தென்பகுதி ஆழமானது, உவர்நீர். கிழக்கே கடலோடு சேரும் நீண்ட வாய்க்கால் கோடையில் கடலைப் போலவே கரிக்கும். ஒரே ஏரிக்குள் ஆறும் கடலும் இருக்கின்றன; நடுவில் எல்லா அளவு உப்பும் இருக்கிறது. மழைக்குப் பிறகு நன்னீரின் கை ஓங்கும், குளிர்காலம் நகர நகர உப்பின் கை ஓங்கும்.

வாத்துக்குக் கண்ணுக்கு மேலே உப்புச் சுரப்பி உண்டு. உணவோடு சேரும் மிகையான உப்பை அது செறிந்த நீராக மூக்கின் வழியே வெளியேற்றிவிடும். உவர்நீரில் நாளாக நாளாக இந்தச் சுரப்பி பெரிதாகும். ஆனால் அதை இயக்க உடலின் சக்தி செலவாகிறது. கடலையே வீடாகக் கொண்ட பறவையைப் போல இந்த வாத்துகள் அந்த வேலைக்குத் தேர்ந்தவை அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் லகூனா மாட்ரே என்ற மிகை உப்புக் காயலில் கடற்புல் தின்னும் செந்தலை வாத்துகள் கரையிலுள்ள நன்னீர்க் குட்டைகளுக்குப் பறந்துபோய் நீர் குடித்துத் திரும்புகின்றன. அந்தக் குட்டைகள் வற்றிய ஆண்டுகளில் கடற்புல் எவ்வளவு இருந்தாலும் அவற்றின் பாடு திண்டாட்டம்தான். சிலிக்காவில் அந்தக் குட்டைகளின் வேலையை வடபகுதிச் சதுப்பு செய்கிறது. வெளியூர் வாத்து ஒன்றை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம், உணவும் நீரும் வேறு வேறு இடங்களில் இருக்கலாம் என்பதை அந்த இடத்தைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

2000ஆம் ஆண்டின் முகத்துவாரம்

1980களிலும் 90களிலும் சிலிக்கா மூச்சுத்திணறியது. கடலோடு சேரும் வாய்க்கால் வண்டலால் அடைபட்டது. முகத்துவாரம் விலகி விலகிப் போனது. ஏரியில் உப்பு குறைந்து, ஆகாயத்தாமரையும் நாணலும் நீரை மூடிக்கொண்டே வந்தன. 1981இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஏரி, 1993இல் சீரழிந்துவரும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரூ பதிவேட்டிலும் ஏறியது. 2000 செப்டம்பரில் சிபாகுடா அருகே புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. கடலுக்கான வழி 18 கிலோமீட்டர் சுருங்கியது. மீன்பிடி சில ஆண்டுகளிலேயே பல மடங்கு உயர்ந்தது, களை பின்வாங்கியது, கடற்புல் பரவியது. 2002இல் மாண்ட்ரூ பதிவேட்டிலிருந்து ஏரி நீக்கப்பட்டது. ராம்சர் விருதும் அதே ஆண்டில் வந்தது.

வாத்துகளுக்கு இதனால் என்ன ஆயிற்று? நாணலும் ஆகாயத்தாமரையும் போர்வையாக மூடிய நீர் வாத்துக்குப் பயன்படாது. அது இறங்க வெளி வேண்டும். களை விலகியதும் வெளி திரும்பக் கிடைத்தது, அது உறுதியான ஆதாயம். அதற்காக வாத்து எண்ணிக்கை ஏறியது முழுவதையும் முகத்துவாரத்தோடு முடிச்சுப் போட மாட்டேன். ஊசிவால் வாத்து முட்டையிடுவது பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே ஒரு கோடை வறண்டால் இங்கே ஒரு குளிர்காலம் குறையும். இந்தியாவின் மற்ற குளங்களில் மழை எப்படி இருந்தது என்பதும் சிலிக்காவின் கணக்கில் புகுந்துவிடும். அந்த உறவு எவ்வளவு நீண்டது என்பதற்கு வரித்தலை வாத்து சாட்சி. சிலிக்காவிலும் நம் திருநெல்வேலிக் கூந்தன்குளத்திலும் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய பறவைகள் இமயமலையைத் தாண்டிப் போவதை ஆய்வாளர்கள் தொடர்ந்து கண்டார்கள்.

அடைப்புகள்

சிலிக்காவில் 'கேரி' என்பது இறால் வளர்க்க மூங்கில் நட்டு வலை கட்டி மறித்த அடைப்பு. கரையோர ஆழமற்ற நீரில்தான் அதைக் கட்டுவார்கள். அந்த ஒரு முழப் பட்டையும் அதே நீரில்தான் இருக்கிறது. அடைப்பு வந்தால் அங்கே இரவும் பகலும் காவல், விளக்கு, படகு. வாத்து விலகிப் போகும். விலகிப் போனதை யாரும் எழுதிவைக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் பகல் கணக்கில் அது நளபனாவில் பத்திரமாக இருக்கிறது.

இந்தச் சண்டையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும். இறால் பண்ணைகளால் விளைநிலம் கெட்டுப்போவதை எதிர்த்து, காவிரிக் கழிமுகத்து உழவர்களோடு நின்ற சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பரில் வந்த அந்தத் தீர்ப்பு, சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரண்டு ஏரிகளைச் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்தது. தஞ்சைத் தரணியில் தொடங்கிய வழக்கு ஒடிசாவின் வாத்துக்கும் வேலியாக வந்தது. தீர்ப்பு வந்த பிறகும் ஏரிக்குள் அடைப்புகள் முளைத்துக்கொண்டேதான் இருந்தன. அண்மையில் அவற்றைப் பெருமளவில் அகற்றினார்கள். 2020 ஜனவரியில் பதினொரு லட்சத்துக்கும் மேல் பறவைகள் எண்ணப்பட்டபோது, அடைப்பு நீங்கியதும் ஒரு காரணம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஒரே ஓர் ஆண்டின் எண்ணை வைத்து நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். மேய்ச்சல் பட்டை திரும்பக் கிடைத்தது என்பது மட்டும் உண்மை.

மங்களஜோடி

வடக்குக் கரையில், கோர்தா மாவட்டத்தில் இருக்கும் மங்களஜோடிச் சதுப்பு சரணாலய எல்லைக்குள் இல்லை. நாணலும் சம்பும் இடையிடையே படகு போகும் குறுகிய வாய்க்கால்களுமான இடம். பறவை வேட்டைக்குப் பேர்போன ஊராக ஒரு காலத்தில் இருந்தது. பொறி வைத்தார்கள், நஞ்சு வைத்தார்கள், சுட்டார்கள், விற்றார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த வேட்டைக்காரர்களே ஸ்ரீ ஸ்ரீ மகாவீர் பட்சி சுரக்ஷா சமிதி என்ற அமைப்பாகத் திரண்டு காவல் காக்கத் தொடங்கினார்கள். எந்த நாணல் மறைவில் எந்த வேளையில் வாத்து இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்ததுபோல் வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவே இன்று படகோட்டியாகவும் வழிகாட்டியாகவும் அவர்களுக்குச் சம்பாத்தியம் தருகிறது.

கழியால் ஊன்றித் தள்ளும் தட்டையான படகில் போகும்போது ஊசிவாலும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் மிக அருகில், பதறாமல் மேய்வதைக் காணலாம். வாத்து தன்னைச் சுட்ட ஊரைப் பல தலைமுறைக்கு அஞ்சும் என்று நினைத்திருந்தவர்களுக்கு இது பாடம். படகும் மனிதர்களும் இருந்தாலும் தொல்லை கணிக்கத்தக்கதாக, ஒரே வாய்க்காலில், ஒரே வேகத்தில் இருந்தால் அது பழகிக்கொள்ளும். எதிர்பாராமல் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் போதும், மொத்தச் சதுப்பும் காலியாகும். பறந்து செலவழித்த சக்தியை மீண்டும் மேய்ந்து ஈட்ட வேண்டும்.

சதுப்பின் இரவு ஆபத்தில்லாததும் அல்ல. சிலிக்காவின் நாணற்காடுகள் மீன்பிடிப் பூனையின் இருப்பிடம். 2022இல் வெளியான கணிப்பின்படி ஏரியைச் சுற்றி 176 பூனைகள் இருக்கின்றன. நாணலுக்குள் ஒடுங்கிக் கிடப்பதைவிட நளபனாவின் திறந்த வெளியில் பகலைக் கழிப்பது ஏன் பாதுகாப்பு என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

புயல் காட்டியவை

2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. தொடர்ந்து வெள்ளம். ஏரி நிரம்பித் ததும்பியது. அடுத்த ஜனவரியில் பறவைக் கணக்கு முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. என் வாசிப்பு இதுதான்: நீர் வடியத் தாமதமானால் ஒரு முழப் பட்டை ஏரிக்குள் இல்லாமல் வெளியே, வயல்களிலும் பள்ளங்களிலும் இருக்கும், வாத்தும் அங்கேயே சிதறும். எண்ணுபவர்கள் ஏரியில் தேடுவார்கள்.

2019 மே மாதத்து ஃபானி வேறு விதம். அப்போது வலசை வாத்துகள் பெரும்பாலும் திரும்பிப் போயிருந்தன. புயல் மணற்கரையை உடைத்துப் புதிய முகத்துவாரங்களைத் திறந்துவிட்டது. கடல்நீர் உள்ளே புகுந்தது. அடுத்த குளிர்காலத்தில் எண்ணிக்கை குறையவில்லை என்பதை வைத்து உப்பு ஏறினால் கவலையில்லை என்று சிலர் பேசினார்கள். வடக்கே நன்னீர்ச் சதுப்பு உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் பேச்சு நிற்கும்.

இன்னும் செய்ய வேண்டியவை

ஜனவரியில் ஒரு பகல் எண்ணிக்கை நடப்பது மிக நல்ல வேலை. அதை யாரும் குறைக்க வேண்டாம். அதோடு நவம்பரிலும் பிப்ரவரியிலும் அந்தி வேளையில் நளபனாவைச் சுற்றி நான்கு திசைகளிலும் ஆள் நிறுத்தி, எந்த இனம் எந்தப் பக்கம் பறந்து போகிறது என்று குறித்தால் தட்டு எங்கே இருக்கிறது என்பது வரைபடமாகவே கிடைக்கும். பறவை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அன்றைய நீர்மட்டத்தையும் உப்பின் அளவையும் ஒரே பக்கத்தில் அச்சிட வேண்டும். நீர்மட்டம் இல்லாத வாத்துக் கணக்கு, காய்ச்சல் அளவில்லாத நோயாளிக் குறிப்பைப் போன்றது.

மற்றொன்று கட்டக் அருகே நராஜில் இருக்கிறது. அங்குள்ள தடுப்பணைதான் மகாநதி நீரில் எவ்வளவு சிலிக்கா பக்கம் திரும்பும் என்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. மேட்டூர் அணை எழுந்த பிறகு காவிரியின் கடைமடையில் கோடியக்கரைக்கும் வேதாரணியம் சதுப்புக்கும் நன்னீர் வரத்து எப்படிச் சுருங்கியது என்று பார்த்தவர்கள் நாம். நராஜின் மதகுகள் அக்டோபரில் எத்தனை நாள் திறந்திருக்க வேண்டும், நவம்பரில் ஏரி எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் மீனவரும் உழவரும் இருக்க வேண்டும். ஊசிவால் வாத்தின் கழுத்து நீளத்தை அறிந்த ஒருவரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.